சொல்ல வேண்டியவர் யார்?

உத்திரமேரூரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகக் குடவோலைக் கல்வெட்டுக்குப் போய்விடும். அதை விட்டுவிட்டு, கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள் இறங்கும் பேருந்து நிலையத்திலிருந்து தொடங்கலாம். அங்கிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி, மதுராந்தகம் என்று நான்கு பக்கமும் பேருந்துகள் கிளம்புகின்றன. உடம்புக்கு முடியாதவர்களும் இந்த நான்கு பக்கமும் போகிறார்கள். ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது, சுற்றுக் கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. அதற்கு மேல் வைத்தியம் வேண்டுமென்றால் காஞ்சிபுரத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை, இல்லையென்றால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்ததிலிருந்து செங்கல்பட்டு வேறு மாவட்டம். வந்தவாசியோ எப்போதுமே வேறு மாவட்டம். நோயாளியின் கணக்கில் அது ஒரு மணி நேரப் பயணம். பதிவேட்டின் கணக்கில் அது எல்லை.

அந்தப் பேருந்துகளில் மடியில் பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கவருக்குள் ஓ.பி. சீட்டு, ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைத் தாள், மருந்து தீர்ந்துபோன மாத்திரை அட்டை, மடிப்புகளில் எழுத்து மங்கிப்போன டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும். அதைச் சுமக்கிறவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாது. முதல் மருத்துவமனையில் என்ன நடந்தது என்பதை இரண்டாவது மருத்துவமனை தெரிந்துகொள்ளப் பெரும்பாலும் இந்தக் கவர்தான் வழி. அவசரத்தில் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால், 'என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?' என்ற கேள்விக்கு 'வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்' என்று பதில் வரும். வைத்தியம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாகும்.

தவிர்த்திருக்கக்கூடிய சாவு ஒன்று நடந்துவிட்டால் நாம் வழக்கமாகக் கேட்பவை மூன்று: டாக்டர் இருந்தாரா, மருந்து இருந்ததா, ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்ததா. நியாயமான கேள்விகள்தான். ஆனால் டாக்டரும் மருந்தும் வண்டியும் இருந்தும் ஆள் சாகும் சம்பவங்கள் உண்டு. அவற்றைத் தோண்டினால் அடியில் பெரும்பாலும் ஒரே சங்கதிதான் கிடைக்கும். தேவையான விவரம் ஏற்கெனவே ஏதோ ஓர் அலுவலகத்தில், யாரோ ஒருவர் கையெழுத்தோடு எழுதி வைக்கப்பட்டிருக்கும். அது போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது.

தமிழ்நாட்டில் இதை மிகத் தெளிவாகக் காட்டிய சம்பவம் 2018 இறுதியில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்தது. சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காகச் சிகிச்சைக்கு வந்த கர்ப்பிணி ஒருவருக்கு டிசம்பர் 3-ஆம் தேதி ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. நவம்பர் 30-ஆம் தேதி ஓர் இளைஞர் தன் உறவுக்காரப் பெண்ணின் பிரசவத்துக்காகக் கொடுத்தது. அதில் எச்.ஐ.வி. இருந்தது.

இதுவரை இது பரிசோதனைக் கூடத்தின் தவறு மட்டுமே. இதற்குப் பின்னால் இன்னொரு கதை இருந்தது. அதே இளைஞர் 2016-லும் ரத்த தானம் செய்திருந்தார். அப்போதே அவர் ரத்தத்தில் தொற்று இருப்பது பரிசோதனையில் தெரிந்துவிட்டது. ரத்தத்தை ஒதுக்கினார்கள். அவருக்குச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, தான் ஆரோக்கியமாக இருப்பதாக நம்பி, நல்ல மனதோடு மறுபடியும் கையை நீட்டினார். வெளிநாட்டு வேலைக்காகத் தனியாக மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் அவரே ரத்த வங்கிக்குத் தகவல் கொடுத்தார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது.

இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. அரசு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை அவர் அரசுக்குச் சொன்னார். இரண்டு வருடமாகக் கையில் அறிக்கையை வைத்திருந்த துறை செய்யாததை, இருபது வயதைத் தொடாத ஒருவர் தெரிந்துகொண்டதும் செய்தார். விஷயம் வெளியே வந்தபின் அவர் தற்கொலைக்கு முயன்று, டிசம்பர் 30-ஆம் தேதி மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் இறந்தார். அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் அதே மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது பின்னர் உறுதியானது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

ஆய்வக ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. 2018 நவம்பரில் செய்த பரிசோதனைக்கு அவர்கள் பொறுப்புதான். ஆனால் 2016-க்கும் 2018-க்கும் இடையே நிலவிய மௌனத்துக்கு எந்த ஒரு ஊழியரையும் குறிப்பிட்டுக் காட்ட முடியாது. விதிப்படி, தொற்று தெரிந்த கொடையாளரை அழைத்துப் பேசி, எச்.ஐ.வி. ஆலோசனைக்கான நம்பிக்கை மையத்துக்கு அனுப்ப வேண்டும். அழைப்பது யார்? தொலைபேசி எண் மாறியிருந்தால் வீட்டுக்குப் போவது யார்? எத்தனை நாளுக்குள்? போகவில்லை என்றால் அதைக் கவனிப்பது யார்? ரத்தப் பையை அழிப்பதற்கு ஆள் உண்டு, பதிவேடு உண்டு, கையெழுத்து உண்டு. மனிதருக்குச் சொல்வதற்கு அப்படி ஓர் ஏற்பாடு நடைமுறையில் இல்லை. எச்.ஐ.வி. தெரிந்த எல்லோருக்கும் உடனே கூட்டு மருந்து தொடங்கும் முறை 2017-லேயே இந்தியாவில் வந்துவிட்டது, அதுவும் இலவசமாக. ஆகவே அந்த இளைஞர் இழந்தவை வெறும் இரண்டு ஆண்டுகள் அல்ல, சிகிச்சையில் இருந்திருக்க வேண்டிய ஆண்டுகள்.

ரகசியம் காப்பது முக்கியமில்லையா என்று கேட்கலாம். முக்கியம்தான். எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை அது தடுக்கிறது. கிராமத்தில் இந்தச் செய்தி கசிந்தால் வாடகை வீடு போகும், வேலை போகும், பிள்ளைக்குப் பள்ளியில் தனி இடம் போடுவார்கள். அதனால் 'எல்லா விவரத்தையும் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடலாம்' என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் சாத்தூர் விவகாரத்தில் ரகசியம் காக்கப்பட்டது யாரிடமிருந்து? அந்த விவரத்துக்கு முழு உரிமையுள்ள ஒரே ஆளிடமிருந்து. இதை ரகசியம் காத்தல் என்று சொல்ல முடியாது, அசிரத்தை என்றே சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் போட்டால் சரியாகிவிடும் என்பது அடுத்த பதில். இங்கிலாந்தில் இதைப் பெரும் பணம் செலவழித்துச் சோதித்துப் பார்த்தார்கள். 2000 பிப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி லண்டனில் சித்திரவதைப்பட்டு இறந்தாள். மருத்துவமனைகள், காவல் துறை, உள்ளாட்சியின் சமூகப் பணித் துறைகள் எல்லாவற்றுக்கும் அவளைத் தெரிந்திருந்தது. ஆளுக்கு ஒரு துண்டு விவரம் வைத்திருந்தார்கள். 2003-ல் வந்த லார்டு லேமிங்கின் விசாரணை அறிக்கை, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்களாவது தவறவிடப்பட்டன என்றது. அதைத் தொடர்ந்து நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கும் 'கான்டாக்ட்பாயின்ட்' திட்டம் வந்தது. 22 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. 2009-ல் தொடங்கி 2010 ஆகஸ்டில் மூடினார்கள். விக்டோரியாவைப் பற்றிய விவரம் அந்த ஊரில் கிடைக்காமல் இருந்ததில்லை. 'இதைப் பார்த்த பிறகு நான் என்ன செய்ய வேண்டும்' என்று யாரும் தன்னைக் கேட்டுக்கொள்ளாததுதான் அவள் சாவுக்குக் காரணம்.

சொன்னால் மட்டும் போதாது என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி, காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. வெள்ள எச்சரிக்கையும் விட்டார்கள். 29,000 கன அடி என்பது பொதுப்பணித் துறைப் பொறியாளருக்குப் புரியும் மொழி. ஜாபர்கான்பேட்டையில் ஆற்றோரம் குடியிருக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, தண்ணீர் தன் தெருவுக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்துக்கு வரும், மாடி போதுமா, வீட்டைவிட்டே கிளம்ப வேண்டுமா என்பதை. அதை யாரும் சொல்லவில்லை. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது. அரசு அதை ஏற்கவில்லை. ஏரியை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற வழக்கு இன்னும் நிபுணர்களிடையே நடக்கட்டும். அனுப்பியவரின் அளவில் கிளம்பிய செய்தி, பெறுகிறவரின் அளவுக்கு மாறாமலே போய்ச் சேர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரியும் இதே ரகம்.

இதற்கு வைத்தியம் தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை. பிரசவச் சாவு விஷயத்தில் தமிழ்நாடே அதைக் கண்டுபிடித்தது.

பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஒவ்வொரு சாவையும் தணிக்கை செய்ய வேண்டும் என்ற முறை 1990-களில் மெல்ல உருவாகி, 2004-ல் கட்டாயமானது. இதன் உயிர்நாடி படிவத்தில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் முன்னால் கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், அரசு மருத்துவமனை மருத்துவர், தேவைப்பட்டால் தனியார் மருத்துவமனைக்காரர் எல்லோரும் உட்கார்ந்திருக்க, இறந்தவரின் வீட்டாரும் வந்து நடந்ததைச் சொல்வார்கள். வலி எத்தனை மணிக்கு எடுத்தது? முதலில் எங்கே போனீர்கள்? அங்கிருந்து ஏன் அனுப்பினார்கள்? அனுப்பும்போது போன் செய்து சொன்னார்களா? போய்ச் சேர்ந்தபோது ரத்தம் தயாராக இருந்ததா? இப்படித்தான் கேள்விகள் போகும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்திருப்பார். ஒரே அறையில் வைத்துக் கேட்டால்தான், இரண்டு பேருக்கு நடுவில் அந்தப் பெண் விழுந்த பள்ளம் கண்ணில் படும்.

தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருடன் பிறப்புகளுக்கு இறக்கும் தாய்மார் 2001-03-ல் 134 பேர், 2018-20-ல் 54 பேர். இந்த இறக்கத்துக்குத் தணிக்கை மட்டுமே காரணமில்லை. மூன்று செவிலியரோடு 24 மணி நேரமும் இயங்கிய ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவசரப் பிரசவச் சிகிச்சைக்கான சீமாங் மையங்கள், 2008-ல் வந்த 108 வண்டி எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனாலும் எந்த ஊரில் சீமாங் மையம் வேண்டும், எங்கே ரத்தம் இருப்பில் இருக்க வேண்டும் என்பதைத் தணிக்கையிலிருந்தே கற்றுக்கொண்டார்கள். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கூட்டம் கற்றுக்கொள்ளும் இடமாக இல்லாமல் திட்டு வாங்கும் இடமாக மாறும்போது, கீழே இருக்கிறவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவே எழுதத் தொடங்குகிறார்கள். 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் பழி தன் தலையை விட்டுப் போய்விடும். நோயாளியோ இன்னொரு வண்டியில் இன்னொரு முப்பது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு பிக்மி எண் இருக்கிறதே என்பீர்கள். 2008-ல் தொடங்கிய அந்தப் பதிவு முறை நல்ல முறை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் அந்த எண்ணோடு சேர்ந்தது என்பதால் யாரும் அதைத் தொலைப்பதில்லை. பணம் போகிற வழியில் விவரம் தங்கிவிடாது, யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற நம் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். மானாம்பதிக்கு வாழ்க்கைப்பட்ட பெண் வளைகாப்பு முடிந்து வந்தவாசிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போகிறாள். ஏழு மாதமாக அவள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவந்த நர்சம்மாவுக்கு, போன தடவை அளவு லேசாக ஏறியதும், காலில் வீக்கம் இருந்ததும், உப்பைக் குறைக்கச் சொன்னபோது மாமியார் சிரித்ததும் நினைவிலிருக்கும். அம்மா வீட்டு ஊரின் செவிலியர் கணினியில் பார்ப்பது ஓர் எண். அது எல்லைக்குள் இருக்கிறதென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். இரு செவிலியரும் ஐந்து நிமிடம் போனில் பேசினால் தீர்ந்தது. நல்ல செவிலியர்கள் பேசவும் பேசுகிறார்கள், தங்கள் சொந்த போனில். அந்தப் பேச்சை முறையாக்கி, வளைகாப்பு முடிந்து கிளம்பும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அதைக் கடமையாக்குவதில் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியவில்லை.

கடமையாக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் காசநோய்த் துறை சமீபத்தில் ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. மருந்து இலவசம், மருந்து வேலையும் செய்கிறது, ஆனாலும் ஆட்கள் சாகிறார்கள். அதில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்திலேயே நடக்கிறது. நோயைக் கண்டறிந்த அன்றே அந்த ஆள் எலும்பும் தோலுமாக, மூச்சிரைக்க நின்றுகொண்டிருப்பார். பார்த்தவருக்கு அது தெரியும். ஆனால் அவர் கையில் மாத்திரை அட்டையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் படிவம் கேட்பது சளியில் கிருமி உண்டா இல்லையா என்பதை மட்டும்.

2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்த அந்தத் திட்டத்தில், கண்டறிந்தவுடனே சுகாதார ஊழியர் ஒரு சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். உயரமும் எடையும் எவ்வளவு, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு என்ன, பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பவையே அவை. டாக்டர் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். எடை மெஷினும் விரலில் மாட்டும் கருவியும் கடிகாரமும் போதும். இதில் தேறாதவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். சேர்த்தார்களா என்பதை மேலே ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். இந்த விவரங்களை வைத்து இறப்பு வாய்ப்பைக் கணிக்கும் வசதியும் 2025-ல் சேர்ந்தது. கடுமையாக நோயுற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு 10 முதல் 50 சதவீதம் வரை போகிறது, மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம். இரு தரப்புக்கும் ஒரே அட்டையைக் கொடுத்து ஒரே பேருந்தில் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இந்தத் திட்டத்தில் என்னைக் கவர்வது அதன் சிக்கனம். ஊழியரிடம் நூறு விவரம் கேட்டால் நூறையும் ஒப்புக்கு நிரப்புவார். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் கேட்டு, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வேலையைக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

ஆனால் காசநோய்த் துறையால் எட்ட முடியாத கதவுகளும் இதே உத்திரமேரூர் வட்டாரத்தில் உண்டு. சாலவாக்கம், மதூர்ப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. கல்தூசு நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ், காசநோய் வரும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டும். இரண்டும் இருமலாகவே தெரியும், ஒன்றை இன்னொன்றாக எண்ணி வைத்தியம் நடப்பதும் உண்டு. சிலிக்கோசிஸ் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். குவாரிக்கு உரிமம் கொடுத்த விவரம் ஒரு துறையில் இருக்கிறது, தொழிலாளர் பாதுகாப்பு இன்னொரு துறையில், காசநோய்ப் பட்டியல் மூன்றாவது துறையில். இறந்தால் பதிவது கிராம நிர்வாக அலுவலர். வெளிமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளி என்றால் சாவே சொந்த ஊரில் நடந்து, இந்த நான்கு ஏட்டிலும் ஏறாமல் போகலாம். குவாரி வாசலில் எடை மெஷினோடு போய் நிற்க வேண்டியவர் சுகாதார ஊழியரா, தொழிலாளர் துறை ஆய்வாளரா? ஒரே ஓர் ஆளின் பெயரை எழுதி ஆணை போட்டால் போதும், மற்றவை தன்னால் நடக்கும். ஒரு குழுவின் பெயரை எழுதினால் ஒன்றும் நடக்காது.

அந்த ஆணை வரும்வரை நம் கையில் இருப்பது சிறியதுதான், ஆனால் செய்யக்கூடியது. வீட்டில் யாரையாவது ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: என்ன நோய், இதுவரை என்ன கொடுத்தீர்கள், அங்கே யாரிடம் பேசியிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் தமிழில் எழுதி வாங்குங்கள். மூன்றாவதற்கு ஒரு பெயரும் ஒரு போன் எண்ணும் பதிலாக வர வேண்டும். 'போங்க, பாத்துப்பாங்க' என்று சொன்னால், அவர்கள் அங்கே போன் செய்து பேசும்வரை வண்டி ஏறாதீர்கள். ரத்தம் கொட்டுகிற அவசரமென்றால் வண்டி கிளம்பட்டும், ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் ஒருவர் பேசி முடித்திருக்க வேண்டும். இதைக் கேட்பதால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.